மின்சாரக் காரும் தீப்பயமும்

புதிய பொருளொன்று ஊருக்குள் வரும்பொழுது அதனோடு ஒரு பயமும் கூடவே வருவது உலக வழக்கம். மின்சாரம் முதன்முதலில் வீடுகளுக்கு வந்தபொழுது அதன் ஆளியைத் தொடவே அஞ்சினோர் உண்டு. சமையல் வாயு வந்தபொழுது, அடுக்களையில் வெடிகுண்டு வைப்பதா என்று கேட்டோரும் உண்டு. இன்று அந்தப் பயம் மின்சாரக் காரைச் சுற்றி நிற்கின்றது. எமது சிலாபம் நகரத்திலும், கொழும்பு - புத்தளம் வீதியிலும், பெற்றோல் வாசனையோ இயந்திர இரைச்சலோ இன்றிச் செல்லும் வண்டிகளை இப்பொழுது நாள்தோறும் காண்கின்றோம். கண்டவுடன் எழும் கேள்வியும் ஒன்றே: "இது தீப்பற்றி எரியுமாமே, உண்மையா?"

இக்கேள்வி வெறும் வேடிக்கைக் கேள்வி அன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் தொடக்கம் எமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளின் பின், 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் தனியார் வாகனங்களுக்கும் அக்கதவு திறக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 2014, 2015ஆம் ஆண்டுகளில், யப்பானிலிருந்து நிசான் லீஃப் போன்ற வண்டிகள் பெருந்தொகையாக வந்திருந்தன. இப்பொழுது சீன நாட்டு வண்டிகளும் சேர்ந்துள்ளன. தென்னந்தோட்டத்தின் ஒரு பகுதியை விற்றோ, வங்கியில் கடன் பெற்றோ வண்டி வாங்கும் ஒரு குடும்பத்துக்கு அது ஆயுளில் ஒருமுறை செய்யும் பெருஞ்செலவு. அவ்வண்டியை வீட்டின் முன் விறாந்தையோடு ஒட்டி நிறுத்திவிட்டு, உள்ளே பிள்ளைகளை உறங்க வைக்கும் பெற்றோருக்கு இக்கேள்விக்கு நேர்மையான விடை தேவை. பயமுறுத்தலும் விடையாகாது, விளம்பரமும் விடையாகாது.

முதலில் வதந்தியின் வலிமையைப் பற்றி ஒரு சொல். 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் திகதி இரவு, இங்கிலாந்தின் லூற்றன் விமான நிலையத்திலே வாகனங்கள் நிறுத்தும் பலமாடிக் கட்டடம் ஒன்று தீப்பற்றியது. 1,400க்கும் அதிகமான வாகனங்கள் அழிந்தன. கட்டடத்தின் ஒரு பகுதியும் இடிந்து வீழ்ந்தது. தீ அணையுமுன்னரே, மின்சாரக் கார் ஒன்றிலிருந்தே அது தொடங்கியது என்ற செய்தி கைத்தொலைபேசிகள் வழியே உலகைச் சுற்றி வந்துவிட்டது. தீ தொடங்கியது ஒரு டீசல் வண்டியில் என்று அப்பகுதித் தீயணைப்புச் சேவை அறிவித்தது. வதந்தியைக் கேட்டவர்களுள் எத்தனை பேர் இவ்வறிவிப்பைக் கேட்டிருப்பர்? ஆதலால் படத்தைக் கண்டு முடிவு செய்யாமல் காரணத்தைக் கேட்டு முடிவு செய்வதே அறிவுடையோர் செயலாகும்.

பெற்றோலைப் பற்றி நாம் அதிகம் சிந்திப்பதில்லை. பழகிவிட்டோம் என்பதே காரணம். ஆனால் அதன் இயல்பு என்ன? திரவப் பெற்றோல் எரிவதில்லை. அதிலிருந்து எழும் ஆவியே எரிகின்றது. அந்த ஆவி, தீப்பொறி பட்டால் பற்றக்கூடிய அளவுக்கு, பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை சென்ரிகிறேட் குளிரிலும் எழுந்துகொண்டிருக்கும். எமது கரையோர வெயிலில் அது எப்படி எழும் என்று சொல்ல வேண்டியதில்லை. மேலும் அது காற்றிலும் பார்க்க மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆதலால் அது மேலே சென்று கலைந்துவிடாமல், நிலத்தோடு நிலமாகப் படர்ந்து, தாழ்ந்த இடத்தில் தங்கி, தொலைவிலுள்ள அடுப்பையோ விளக்கையோ தேடிச் செல்லும். டீசல் அப்படியன்று, 50 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் இருந்தாலன்றி அதன் ஆவி பற்றாது. இதனாலேயே டீசல் பெற்றோலிலும் சாதுவானது என்பர்.

2022ஆம் ஆண்டை நாம் மறந்திருக்க மாட்டோம். எரிபொருள் நிலையங்களின் முன் பகலும் இரவுமாக வரிசையில் நின்ற காலம் அது. கிடைத்த பெற்றோலைப் போத்தல்களிலும் பிளாஸ்டிக் கலன்களிலும் ஊற்றி, படுக்கை அறையிலும் அடுக்களையிலும் சேமித்தவர்கள் அனேகர். கலன்களில் எரிபொருள் வழங்குவதை அரசாங்கம் தடைசெய்ய வேண்டிய நிலையும் ஏற்பட்டது. மின்சாரக் காருக்கு அஞ்சும் நாம், பெற்றோற் கலனைக் கட்டிலின் கீழே வைத்துவிட்டு நிம்மதியாக உறங்கினோம். பழக்கம் பயத்தைக் கொன்றுவிடுகின்றது, ஆபத்தைக் கொல்வதில்லை. மீன்பிடி வள்ளங்களின் வெளியிணைப்பு இயந்திரங்களுக்கு எரிபொருள் சேமித்து வைக்கும் எமது கரையோரக் குடும்பங்களுக்கு இது இன்றும் பொருந்தும்.

இனி மின்சாரக் காரின் பற்றறிக்கு வருவோம். அது ஒரே பெட்டி போலத் தோன்றினாலும், உள்ளே நூற்றுக்கணக்கான, சில வண்டிகளில் ஆயிரக்கணக்கான, சிறு மின்கலங்கள் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு மின்கலத்திலும் நேர்முனைத் தகடும் எதிர்முனைத் தகடும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம் காக்கின்றது. இவற்றிடையே நிரம்பியுள்ள திரவம் தண்ணீர் சார்ந்ததன்று. அது எரியக்கூடிய கரைப்பான். விபத்தினால் நசுங்கியோ, உற்பத்திக் குறையினாலோ, அளவுக்கு மீறி மின்னேற்றியதாலோ அந்தப் படலம் கிழிந்தால், உள்ளேயே குறுஞ்சுற்று ஏற்பட்டு வெப்பம் பிறக்கும். அவ்வெப்பம் இரசாயன மாற்றத்தை விரைவுபடுத்தும். அம்மாற்றம் மேலும் வெப்பத்தைப் பிறப்பிக்கும். இவ்வாறு ஒன்று மற்றொன்றை வளர்க்க, வெப்பம் கட்டுமீறிப் பெருகி, பக்கத்து மின்கலத்துக்கும் தாவும். ஒரு மின்கலத்தில் தொடங்கியது வரிசை வரிசையாகப் பரவும்.

இவ்விரு தீக்கும் உள்ள வேறுபாட்டை எமது தென்னை நாட்டவர்க்கு விளக்குவது எளிது. காய்ந்த ஓலையில் தீ வைத்தால் என்ன நிகழும்? கண் இமைக்கும் நேரத்தில் ஆளுயரத்துக்குச் சுவாலை எழும். எரிந்து முடிந்தவுடன் சாம்பலாகும். பொச்சுமட்டைக் குவியலில் தீப்பிடித்தாலோ கதை வேறு. மேலே தண்ணீர் ஊற்றினால் அணைந்தது போலத் தோன்றும். உள்ளே கனல் இருந்துகொண்டேயிருக்கும். மறுநாள் காற்று வீசும்பொழுது மீண்டும் புகையும். பெற்றோல் தீ ஓலைத் தீ. பற்றறித் தீ பொச்சுத் தீ. முன்னது சடுதியில் எழுந்து ஓடுவதற்கு நேரம் தராது. பின்னது அரிதாகப் பிடிக்கும். பிடித்துவிட்டால் எளிதில் விடாது.

அரிதாகப் பிடிக்கும் என்று கூறினேன். அதற்குச் சான்று என்ன? சுவீடன் நாட்டிலே இவ்விடயத்தைக் கணக்கெடுத்து வைத்திருக்கின்றார்கள். 2022ஆம் ஆண்டில் அந்நாட்டின் வீதிகளில் ஏறக்குறைய 6,11,000 மின்சாரக் கார்களும், மின்னேற்றக்கூடிய கலப்பினக் கார்களும் இருந்தன. அவ்வாண்டில் அவற்றில் தீப்பற்றியவை 23. ஓர் இலட்சம் கார்களுக்கு நான்குக்கும் குறைவு. அதே ஆண்டில் எல்லா வகைக் கார்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஓர் இலட்சத்துக்கு 68 கார்கள் தீப்பற்றியிருந்தன. அந்நாட்டின் சிவில் அவசரநிலை முகவரகம் வெளியிட்ட கணக்கு இது.

ஆனால் கணக்கைப் படிப்பதிலும் ஒரு நேர்மை வேண்டும். மின்சாரக் கார்களிற் பெரும்பாலானவை புதியவை. பெற்றோற் கார்களிலோ பதினைந்து, இருபது வயதுடையவையும் அடங்கும். இருபது வயதுக் காரின் எரிபொருட் குழாய் வெடித்திருக்கும். மின்கம்பிகளின் உறை உதிர்ந்திருக்கும். முதியவரையும் இளைஞரையும் ஓட விட்டு, இளைஞர் வென்றார் என்பது போல இந்த ஒப்பீட்டில் ஒரு சாய்வு உண்டு. மின்சாரக் கார்களும் முதுமை அடையும்பொழுதே முழுக் கணக்கும் தெரியவரும். ஆயினும் வேறுபாடு சிறிதன்று. பதினைந்து மடங்குக்கு மேற்பட்டது. வயதை மட்டும் காரணமாகக் காட்டி இவ்வளவு பெரிய இடைவெளியைத் தட்டிக்கழிப்பது கடினம். மின்சாரக் கார் பெற்றோற் காரைவிட அதிகமாகத் தீப்பற்றும் என்ற எண்ணத்துக்கு ஆதாரம் இல்லை என்பதை நாம் துணிந்து கூறலாம்.

மற்றொரு கணக்கையும் பாருங்கள். 40 லீற்றர் பெற்றோலிலே அடங்கிய சக்தியை மின்கட்டணப் பட்டியலில் நாம் காணும் அலகிற் சொன்னால், ஏறக்குறைய 350 அலகு. நடுத்தர மின்சாரக் காரின் பற்றறியில் நிரப்பும் மின்சாரமோ 40 அலகு அல்லது 60 அலகு. பற்றறியின் திரவமும் பிளாஸ்டிக்கும் தாமும் எரிந்து வெப்பம் தரும் என்பது உண்மையே. எனினும் இருவகைக் கார்களையும் எரித்துப் பார்த்த ஆராய்ச்சிகளில், வெளிவந்த மொத்த வெப்பம் ஏறக்குறைய சமமாகவே இருந்தது. காரணம் என்னவெனில், இன்றைய கார் எதுவாயினும் அதன் இருக்கைகளும் சில்லுகளும் உட்புறமும் எரியும் பொருட்களால் ஆனவை. வேறுபாடு புகையிலே உண்டு. பற்றறிப் புகையில் ஐதரசன் புளோரைட்டு என்னும் நச்சுவாயு அதிக அளவில் வெளிவரும். எந்தக் காரின் புகையும் நஞ்சுதான். இது சற்று அதிக நஞ்சு.

அப்படியானால் தீயணைப்புப் படையினர் மின்சாரக் காரைக் கண்டு ஏன் கவலைப்படுகின்றனர்? பொச்சுத் தீ என்று கூறினேனே, அதுவே காரணம். பற்றறி காரின் அடித்தளத்தில், நீர் புகாதபடி மூடிய உலோகப் பெட்டியினுள் இருக்கின்றது. வெளியே ஊற்றும் தண்ணீர் உள்ளே வெப்பம் பிறக்கும் இடத்துக்கு எளிதிற் செல்வதில்லை. அணைந்த பின்னும் மணிக்கணக்கில், சில வேளைகளில் நாட்கணக்கில், மீண்டும் பற்றக்கூடும்.

தென் கொரியாவின் இஞ்சியோன் நகரிலே 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் 1ஆம் திகதி, அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில், மின்னேற்றத்தில் இல்லாமல் சும்மா நின்ற மின்சாரக் கார் ஒன்று தீப்பற்றியது. அதை அணைக்க ஏறக்குறைய எட்டு மணி நேரம் சென்றது. பல கார்கள் எரிந்தன; நூற்றுக்கணக்கானவை புகையினாற் பழுதடைந்தன. விசாரணையில் வெளிவந்த ஓர் உண்மை எம் கவனத்துக்குரியது. மேற்கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஏற்பாடு அங்கே இருந்தது; தீ எச்சரிக்கை ஒலித்தபொழுது ஊழியர் ஒருவர் அதை நிறுத்திவிட்டார். ஒரு காரின் தீ ஊர்த் தீயாக மாறியதற்கு அந்த ஒரு விசையும் காரணம். இவ்விபத்தின் பின்னரே, காரில் உள்ள பற்றறி எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பதை வாங்குவோருக்கு வெளியிட வேண்டும் என்ற ஏற்பாட்டை அந்நாட்டு அரசாங்கம் முன்னெடுத்தது.

எமது கரையோரத்துக்கே உரிய ஓர் ஆபத்தையும் கூற வேண்டும். 2022ஆம் ஆண்டு செப்டெம்பர் மாத இறுதியில் இயன் என்ற சூறாவளி அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தைத் தாக்கியபொழுது, கடல் பொங்கிக் கரைக்குள் புகுந்தது. உப்புநீரில் மூழ்கிய மின்சாரக் கார்களுட் சில, நீர் வடிந்து நாட்களும் வாரங்களும் கழிந்தபின் தாமாகவே தீப்பற்றின. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். வடிந்த பின்னும் அதன் உப்புப் படிவு உள்ளே தங்கி, தொடக்கூடாத இடங்களைத் தொடுத்துவிடும். நன்னீரில் இவ்வாபத்து குறைவு. சிலாபத்திலோ ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு, வடக்கே தெதுறு ஓயா. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கியபொழுது எமது புத்தளம் மாவட்டமும் வெள்ளத்தால் வருந்தியது. ஆதலால் களப்போரத்திலும் கடற்கரையிலும் வசிப்போர் இதைக் கருத்தில் வைக்கட்டும்: உப்புநீரில் மூழ்கிய மின்சார வண்டியை இயக்கிப் பார்க்கவும் கூடாது, மின்னேற்றவும் கூடாது. வீட்டிலிருந்தும் பிற வண்டிகளிலிருந்தும் ஏறக்குறைய 50 அடி, அதாவது 15 மீற்றர் தொலைவில் அதை நிறுத்திவிட்டு, பழுது பார்ப்பதில் முறையான பயிற்சி பெற்றவரை அழைக்க வேண்டும்.

நேயர்களே, இதுவரை காரைப் பற்றிப் பேசினோம். ஆனால் உயிரிழப்பைக் கருதினால், நாம் அஞ்ச வேண்டியது காரைவிடச் சிறிய வண்டிகளையே. சுவீடன் நாட்டின் அதே கணக்கில், 2022ஆம் ஆண்டில் மின்சார வண்டிகள் அனைத்திலும் நிகழ்ந்த தீகள் 106. அவற்றுள் கார்கள் 23 மட்டுமே. நின்று ஓட்டும் சிறு மின்சார ஸ்கூட்டர்கள் 38. மின்சாரச் சைக்கிள்கள் 20. அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் 2023ஆம் ஆண்டில் மட்டும் இத்தகைய இலித்தியம் பற்றறித் தீகளால் 18 பேர் உயிரிழந்தனர். அவற்றிற் பெரும்பாலானவை வீடுகளுக்குள் மின்னேற்றிய சிறு வண்டிகளின் பற்றறிகளால் எழுந்தவை.

எமக்கு மொழியாலும் உறவாலும் அண்மையிலுள்ள தமிழ்நாட்டிலே, வேலூர் நகரில், 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நிகழ்ந்ததை எண்ணும்பொழுது நெஞ்சம் கனக்கின்றது. புதிதாக வாங்கிய மின்சார ஸ்கூட்டரை இரவிலே வீட்டில் மின்னேற்றத்துக்கு இட்டுவிட்டு உறங்கினார் ஒரு தந்தை. வண்டி தீப்பற்றியது. எழுந்த புகையில் மூச்சுத் திணறி அவரும் பாடசாலை செல்லும் வயதுடைய அவருடைய மகளும் இறந்தனர். அந்த மகளைப் போன்ற பிள்ளைகளை நாள்தோறும் வகுப்பறைகளிற் காணும் ஆசிரியன் நான். பெற்றோலின் விலை ஏற்றத்தைத் தாங்க மாட்டாமல் சிக்கனம் நாடிய குடும்பம் அது என்று எண்ணுவதில் தவறில்லை. அந்தச் சிக்கனத்துக்கு அந்த விலை கொடுக்கப்பட்டிருக்கக் கூடாது.

அம்மாதத்திலே இந்தியாவின் புனே, சென்னை, மணப்பாறை முதலிய இடங்களிலும் மின்சார ஸ்கூட்டர்கள் எரிந்தன. ஏப்ரல் மாதத்தில் ஒக்கினாவா நிறுவனம் 3,215 வண்டிகளையும், ஓலா நிறுவனம் 1,441 வண்டிகளையும் திருப்பி அழைத்துச் சோதிப்பதாக அறிவித்தன. இந்திய அரசாங்கம் நிபுணர் குழுவொன்றை நியமித்து, பற்றறிகளுக்கான பாதுகாப்பு விதிகளை இறுக்கியது. அவற்றின் முதற் பகுதி 2022 டிசம்பர் 1ஆம் திகதி தொடக்கமும், இரண்டாம் பகுதி 2023 மார்ச் 31ஆம் திகதி தொடக்கமும் நடைமுறைக்கு வந்தன. நியூயோர்க் நகரமும் 2023ஆம் ஆண்டு செப்டெம்பர் தொடக்கம் சான்றிதழ் பெறாத பற்றறிகள் விற்கப்படுவதைத் தடைசெய்தது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? ஆபத்து எண்ணெயிலோ மின்சாரத்திலோ மட்டும் இல்லை. விதியின்மையிலும் அது இருக்கின்றது. பெற்றோற் காரின் வரலாறும் இதையே கூறும். அமெரிக்காவின் போர்ட் நிறுவனம் பின்ரோ என்னும் காரைச் செய்தது. பின்புறம் மோதினால் அதன் எரிபொருட்டாங்கி உடைந்து தீப்பற்றுகின்றது என்ற குற்றச்சாட்டுகள் எழுந்து, 1978ஆம் ஆண்டில் 15 இலட்சம் வண்டிகளைத் திருப்பி அழைக்க நேர்ந்தது. மின்சாரக் கார்களிலும் அவ்வாறே: ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 2021ஆம் ஆண்டில், தான் செய்த போல்ற் கார்கள் அனைத்தையும், ஏறக்குறைய 1,42,000 வண்டிகளை, பற்றறிக் குறைபாட்டுக்காகத் திருப்பி அழைத்தது. அவற்றை வீட்டுக்கு வெளியே நிறுத்துமாறு உரிமையாளர் கேட்டுக்கொள்ளப்பட்டனர். இதைக் கேட்டு மின்சாரக் காரை மட்டும் குறைகூற எழுவோர் மற்றொன்றையும் கேட்கட்டும். 2023ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஹியுண்டாய், கியா நிறுவனங்கள் அமெரிக்காவிலே 33 இலட்சத்துக்கும் அதிகமான கார்களைத் தீ அபாயத்துக்காகத் திருப்பி அழைத்து, அவற்றையும் வெளியே நிறுத்துமாறு கூறின. அவை இயந்திரத்தால் ஓடும் கார்களே.

எமது நாட்டிலும் பாடம் உண்டு. 2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் சமையல் வாயு அடுப்புகளும் சிலிண்டர்களும் பல வீடுகளில் வெடித்ததை மறப்பதற்கில்லை. பல ஆண்டுகளாகப் பழகிய அதே வாயுதான். அதன் கலவை விகிதம் மாறியிருந்தமை ஒரு காரணமாகச் சுட்டப்பட்டது. மாற்றத்தை இல்லத்தரசி அறிந்திருக்கவில்லை. பொருள் பழையதாயினும் புதியதாயினும், அதை வீட்டுக்குள் ஏற்றுக்கொள்ளும் மனிதருக்கு அதைப் பற்றிய உண்மை தெரிந்திருக்க வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவது எமது உரிமை.

ஆதலால் வண்டி வாங்கச் செல்வோர் நிறத்தையும் விலையையும் மட்டும் கேளாமல் சிலவற்றைக் கேட்கட்டும். பற்றறியின் வகை என்ன? இரும்புப் பொசுபேற்று வகையைச் சேர்ந்த இலித்தியம் பற்றறி, நிக்கலும் கோபால்ற்றும் சேர்ந்த வகையைவிட அதிக வெப்பத்தைத் தாங்கும்; கட்டுமீறி எரிவதும் குறைவு. ஆயினும் எரியவே எரியாது என்று யாரேனும் சொன்னால் நம்பவேண்டாம். வண்டி பழையதாயின், அது விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கியதா? பற்றறி திறக்கப்பட்டுப் பழுது பார்க்கப்பட்டதா? நலிந்த சில மின்கலங்களை மட்டும் மாற்றி, பழையதையும் புதியதையும் கலந்து பொருத்தும் வழக்கம் சில இடங்களில் உண்டு. தேர்ச்சியில்லாதவர் கையில் இது தீயோடு விளையாடுவதாகும். அந்த மாதிரி வண்டியைத் தயாரிப்பாளர் எப்பொழுதேனும் திருப்பி அழைத்தாரா என்பதையும் விசாரியுங்கள். வேறு நாட்டிலே பயன்படுத்தி இங்கே கொண்டுவரப்பட்ட வண்டிக்கு அந்த அழைப்பு வந்து சேராமற் போகலாம்.

அடுத்து வீடு. சாதாரண 13 அம்பியர் குதைமுனையில் மின் அழுத்தியைப் பத்து நிமிடம் பயன்படுத்துவோம். மின்சாரக் காரோ அதே குதைமுனையிலிருந்து எட்டு மணி, பத்து மணி நேரம் இடைவிடாது மின்சாரம் உறிஞ்சும். பழைய வீட்டின் மெல்லிய கம்பிகள் இதற்கென இடப்பட்டவை அல்ல. பற்றறி எரியாவிட்டாலும் சுவரிலுள்ள கம்பி எரியலாம். ஆதலால் தகைமை பெற்ற மின்னிணைப்பாளரைக் கொண்டு, பிரதான பலகையிலிருந்து தனிச் சுற்று ஒன்றையும், முறையான புவித்தொடுப்பையும், தானாக அறுக்கும் ட்ரிப் ஆளியையும் அமைத்துக்கொள்வது இன்றியமையாதது. நீட்டு வயர்களிலே மின்னேற்றுதல் கூடாது. செருகி தொடமுடியாத அளவு சுட்டால் அதுவே முதல் எச்சரிக்கை.

ஸ்கூட்டரும் சைக்கிளும் வைத்திருப்போர்க்கு மேலும் ஒரு சொல். அவற்றை வெளிவாயிலுக்குச் செல்லும் வழியில் வைத்து மின்னேற்றாதீர்கள். தீப்பிடித்தால் தப்பும் வழியே அடைபட்டுவிடும். எல்லோரும் உறங்கும் நேரத்தில் வேண்டாம். கண்காணிக்கும் நேரத்தில், கூடுமானால் வெளிவிறாந்தையில் ஏற்றுங்கள். வண்டியோடு வந்த மின்னேற்றியையே பயன்படுத்துங்கள். கீழே வீழ்ந்தோ வீங்கியோ உள்ள பற்றறியை ஒருபொழுதும் ஏற்றாதீர்கள். பெற்றோல் வைத்திருப்போர்க்கும் இதே அளவு கண்டிப்பு வேண்டும்: பெற்றோற் கலனுக்கு வீட்டினுள் இடமில்லை.

இவ்வளவுக்கும் மேலாகத் தீ நேர்ந்தால்? பெற்றோற் காராயின், வாடை வந்தவுடன் இயந்திரத்தை நிறுத்தி உடனே இறங்குங்கள், கணங்கள் விலைமதிப்பற்றவை. மின்சாரக் காராயின், அடியிலிருந்து சீறும் ஒலி, பட்டாசு போன்ற வெடிப்பு, வெண்மையான புகை ஆகியவை முன்னறிவிப்புகள். அவ்வெண்புகையை நீராவி என்று எண்ணி அருகிற் செல்லவேண்டாம், அது நஞ்சு, பற்றி வெடிக்கவும் கூடும். அனைவரையும் இறக்கி, காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறமாக விலகி நின்று, 110 என்ற இலக்கத்துக்கு அழைத்து, எரிவது மின்சார வண்டி என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். வாளியில் தண்ணீர் கொண்டு வீரம் காட்டுதல் இவ்விடத்தில் பயனற்றது. எரிந்த வண்டியை அன்றே கூரையின் கீழ் கொண்டுவந்து நிறுத்துவதும் தவறு. பொச்சுத் தீயை நினைவில் வையுங்கள்.

எமது பாடசாலை வாயில்களிலே பிள்ளைகளை ஏற்றவரும் வான்கள் நாள்தோறும் வரிசையில் நிற்கின்றன. அவற்றுட் பல, வயது முதிர்ந்தவை. நாளை அவ்வரிசையில் மின்சார வான்களும் வரும். அப்பொழுது பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி, அது எதனால் ஓடுகின்றது என்பதன்று. அது சோதிக்கப்பட்டதா, அதன் கதவுகள் உள்ளிருந்து திறக்குமா, அணைகருவி உண்டா, சாரதி ஆபத்தில் என்ன செய்ய வேண்டுமென அறிந்தவரா என்பனவே கேள்விகள். இன்றைய பெற்றோல், டீசல் வான்களைப் பற்றியும் இதே கேள்விகளை நாளைக் காலையிலேயே கேட்கலாம். அதற்கு மின்சார வான் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

முடிவாக, மின்சாரக் கார் பெற்றோற் காரைவிட அரிதாகவே தீப்பற்றுகின்றது. பற்றினால் அணைப்பது கடினம். அதனைவிடச் சிறு வண்டிகளை வீட்டினுள் ஏற்றுவதே உயிருக்கு அதிக ஆபத்து. உப்புநீர் அதன் பகைவன். இந்நான்கையும் அறிந்தவர் அஞ்சி ஒதுங்கவும் மாட்டார். அசட்டையாக இருக்கவும் மாட்டார். மனிதன் தீயை அடுப்பிலே அடக்கினான், இயந்திரத்திலே அடக்கினான். இன்று அதனைப் பற்றறியிலும் அடக்கப் பயில்கின்றான். அடக்கும் அறிவு தொழிற்சாலையோடு நின்றுவிடாமல் எமது வீட்டு வாசல்வரை வந்து சேரவேண்டும்.